தாத்தா, பாட்டியோட வால்பாறை டூரா? இன்ஷூரன்ஸ் கட்டத்தை டிக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

லாங் வீக்கெண்டு வருது. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் பரபரன்னு இருக்கு. கூழாங்கல் ஆத்துல கால் நனைக்கணும், நல்லமுடி பூஞ்சோலையில போட்டோ எடுக்கணும், சோலையார் அணையைப் பார்க்கணும்னு வால்பாறை பிளான் ரெடி. ரூம் புக் ஆயிடுச்சு, வண்டியும் சொல்லியாச்சு. இந்தத் தடவை அப்புச்சியும் அம்மிச்சியும் (கொங்குப் பக்கம் அம்மாவோட அப்பா, அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவாங்க) கூட வர்றாங்க. சூப்பர்!

ஆன்லைன்ல டிக்கெட்டோ ரூமோ புக் பண்ணும்போது கடைசியா ஒரு குட்டிக் கட்டம் வரும். 'டிராவல் இன்ஷூரன்ஸ் வேணுமா?' சிலர் யோசிக்காம டிக் பண்ணுவாங்க, சிலர் யோசிக்காம எடுத்துவிடுவாங்க. 25 வயசுல எது பண்ணினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. ஆனா, கூட வர்றவருக்கு வயசு 68, பத்து வருஷமா சுகர், பி.பி மாத்திரைன்னா அந்தக் கட்டத்துக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கறது அவசியம். பெரியவங்களுக்கான இன்ஷூரன்ஸ்ல பிரீமியம் எவ்வளவுங்கிறது கடைசிக் கேள்வியா இருக்கட்டும். முதல்ல கேட்க வேண்டியது இதுதான்: 'ஏற்கெனவே இருக்கிற வியாதியால உடம்புக்கு முடியாமப் போனா, நாங்க போற இடத்துல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஆஸ்பத்திரியில இருந்து வீடு வரைக்கும் யார் காசு கொடுப்பாங்க?'

40 வளைவுகளுக்கு மேல இருக்கிற ஊர்

வால்பாறையை உதாரணமா எடுத்துக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஊர் சுமார் 3,500 அடி உயரத்துல இருக்கு. ஆழியார்ல இருந்து ஏறினா 40 கொண்டை ஊசி வளைவு. பொள்ளாச்சிக்கு சுமார் 65 கி.மீ, கோவைக்கு 100 கி.மீ-க்கும் மேல. வழி நெடுக ஆனைமலை புலிகள் காப்பகம். பல இடத்துல போன் சிக்னல் கிடைக்காது. யானையோ காட்டுமாடோ ரோட்டுல நின்னா, அது நகர்ற வரைக்கும் நீங்களும் நிக்கணும்.

வால்பாறையில அரசு மருத்துவமனை இருக்கு. முதலுதவிக்கும் அவசரச் சிகிச்சைக்கும் அங்கேதான் முதல்ல போகணும். ஆனா இதயம், மூளை சம்பந்தப்பட்ட பெரிய சிகிச்சைன்னா மலையிறங்கி பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் வரணும். ரத்தினபுரியிலயோ பீளமேட்டுலயோ நெஞ்சு வலிச்சா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி. மலை மேல வலிச்சா அதே பயணம் சில மணி நேரம். அதனாலதான், 'எத்தனை லட்சத்துக்குக் கவர்?'ங்கிறதைவிட 'கீழே கொண்டு வர்ற செலவு இதுல இருக்கா?'ங்கிறது முக்கியமாகுது.

அந்தக் குட்டிக் கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

டிராவல் இன்ஷூரன்ஸ்ங்கிறது பொதுவா நாலு விஷயங்களோட தொகுப்பு. விபத்து, மருத்துவச் செலவு, பயணம் ரத்து அல்லது தாமதம், லக்கேஜ் தொலைஞ்சுபோறது. இளசுகளுக்குக் கடைசி ரெண்டும்தான் கவர்ச்சியா தெரியும். பெரியவங்களுக்கு முதல் ரெண்டுதான் முக்கியம். அந்த ரெண்டுக்கும் நடுவுலயும் ஒரு பெரிய கோடு இருக்கு. விபத்து வேற, நோய் வேற.

ஒரு உதாரணம். சென்னையில இருந்து ரயில்ல கோவை வர்றீங்க. ஐ.ஆர்.சி.டி.சி-யில டிக்கெட் எடுக்கும்போது ஒரு ஆளுக்கு 45 காசுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கறாங்க. ரயில் விபத்துல உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டா ₹10 லட்சம், காயத்துக்கான மருத்துவமனைச் செலவுக்கு ₹2 லட்சம் வரைக்கும். 45 காசுக்கு இது நல்ல டீல்தான், தாராளமா டிக் பண்ணுங்க. ஆனா ஓடற ரயில்ல அப்புச்சிக்கு சுகர் குறைஞ்சு மயக்கம் வந்து, இறங்கினதும் அட்மிட் பண்ணினா இதுல இருந்து ஒரு ரூபா வராது. ஏன்னா அது விபத்து இல்லை.

இன்னொண்ணு, பேங்க் அக்கவுன்ட்ல வருஷத்துக்கு ₹20 பிடிக்கிற பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டம். விபத்துல உயிரிழந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ ₹2 லட்சம். இதுவும் விபத்துக்கு மட்டும்தான். அதோட 70 வயசு வரைக்கும்தான். 'தாத்தாவுக்குத்தான் ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கே'ன்னு வீட்டுல சொன்னா, பல நேரம் இந்த மாதிரி ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும்.

டிராவல் ஆப்கள்ல வர்ற உள்நாட்டுப் பயண பாலிசிகள்லயும் இந்தக் கோட்டைத் தேடுங்க. விபத்தால ஆஸ்பத்திரியில சேர்ந்தா மட்டுமா, திடீர் நோய்க்கும் சேர்த்தா? ஏற்கெனவே இருக்கிற நோயால வந்த பிரச்னையை விலக்கி வெச்சிருக்காங்களா? அதிகபட்ச வயசு எவ்வளவு? இந்த மூணுக்கும் பதில் பாலிசி வாசகத்துல, 'விலக்குகள்'ங்கிற தலைப்புக்குக் கீழ இருக்கும். விளம்பரத்துல இருக்காது.

முதல்ல பீரோவைத் திறங்க

உள்ளூர் டூருக்குப் புதுசா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி, வீட்டுல ஏற்கெனவே இருக்கிற ஹெல்த் பாலிசியை எடுங்க. சாதாரண ஹெல்த் இன்ஷூரன்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். கோவையில எடுத்த பாலிசி வால்பாறைக்கும் செல்லும், வாரணாசிக்கும் செல்லும். அது ஒழுங்கா இருந்தா, உள்நாட்டு டூருக்கான மருத்துவக் கவர் பெரும்பாலும் உங்க கையிலயே இருக்குன்னு அர்த்தம்.

ஐ.டி கம்பெனியில வேலை பார்க்கறீங்களா? உங்க ஆபீஸ் குரூப் பாலிசியில அப்பா, அம்மா பேர் சேர்த்திருக்கான்னு பாருங்க. பல கம்பெனி பாலிசிகள்ல பழைய நோய்களுக்கும் முதல் நாள்ல இருந்தே கவர் இருக்கும். ஆனா வேலையை விட்ட அன்னைக்கு அதுவும் போயிடும். அதனால அதை மட்டுமே நம்பி இருக்காதீங்க.

ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. வருஷத்துக்கு குடும்பத்துக்கு ₹5 லட்சம் வரைக்கும், பட்டியல்ல இருக்கிற அரசு, தனியார் மருத்துவமனைகள்ல. உங்க வீட்டுல அந்த கார்டு இருந்தா, பீரோவுல பூட்டி வெச்சுட்டு டூர் கிளம்பாதீங்க. கூடவே எடுத்துட்டுப் போங்க.

கையில இருக்கிற பாலிசியில இந்த அஞ்சையும் தேடுங்க:

காத்திருப்புக் காலம்: புது பாலிசி எடுத்து முதல் 30 நாளைக்கு, விபத்தைத் தவிர வேற நோய்க்கு க்ளெய்ம் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். 2024-ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ) இதை 48 மாசத்துல இருந்து குறைச்சது.

கோ-பே: பில்லுல நீங்க கட்ட வேண்டிய சதவீதம். சீனியர் சிட்டிசன் பாலிசிகள்ல இது அதிகமா இருக்கும்.

ரூம் வாடகை வரம்பு: ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு ஒரு எல்லை.

ஆம்புலன்ஸ்: எவ்வளவு ரூபாய் வரைக்கும்? எல்லா கம்பெனியும் விற்கிற 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில ஒரு தடவை அட்மிஷனுக்கு ₹2,000 வரைக்கும்தான். மலையில இருந்து கோவை வரைக்கும் தனியார் ஆம்புலன்ஸ்னா அது போதுமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நெட்வொர்க்: பொள்ளாச்சியிலயும் கோவையிலயும் எந்தெந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் இருக்கு? ரெண்டு பேரையாவது குறிச்சு வெச்சுக்கோங்க.

ஒரு பில்லை வெச்சுக் கணக்குப் போடலாம்

'அஞ்சு லட்சம் கவர் இருக்கே, அப்புறம் என்ன?'ன்னு தோணும். ஒரு கற்பனை பில். அம்மிச்சி நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. மொத்தம் ₹3,00,000. அதுல ரூம் வாடகை ஒரு நாளைக்கு ₹10,000 வீதம் ₹40,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ₹1,60,000. மருந்து, உபகரணம், டெஸ்ட் எல்லாம் ₹1,00,000.

பாலிசியில ரூம் வாடகை வரம்பு ₹5,000, கோ-பே 20%-ன்னு வெச்சுக்கலாம். ரூமுக்குப் பாதிதான் கிடைக்கும், ₹20,000. இதோட முடியாது. நீங்க எடுத்த ரூம் வரம்பைவிட ரெண்டு மடங்குங்கிறதால, ரூமைப் பொறுத்து மாறுற டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் பாதியாக்கலாம். அங்கே ₹80,000. மருந்து, உபகரணம், டெஸ்ட்டுக்கு இந்த வெட்டு கிடையாது, ₹1,00,000 அப்படியே. ஆக மொத்தம் ₹2,00,000. அதுல 20% கோ-பே போனா, கம்பெனி கொடுக்கிறது ₹1,60,000. உங்க கையில இருந்து ₹1,40,000!

அஞ்சு லட்சம் கவர் இருந்தும், மூணு லட்சம் பில்லுல கிட்டத்தட்ட பாதி உங்க தலையில. அதே ஆஸ்பத்திரியில ₹5,000 ரூமை எடுத்திருந்தா இந்த விகித வெட்டே வந்திருக்காது. பாலிசி வாங்கும்போது ரூம் வரம்பும் கோ-பேவும் இல்லாததையோ குறைவானதையோ தேடுங்க, பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வாங்கியாச்சுன்னா, அட்மிஷன் கவுன்ட்டர்ல 'எங்க பாலிசிக்கு எந்த ரூம் சரியா வரும்?'னு கேட்டுட்டு ரூம் எடுங்க.

'லேசா சுகர்தான் கண்ணு...'

ஃபார்ம்ல 'ஏற்கெனவே ஏதாவது நோய் இருக்கா?'ன்னு கேட்கும் இடம்தான் இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப முக்கியம். நம்ம பெரியவங்ககிட்ட கேட்டா என்ன சொல்லுவாங்க? 'எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன். லேசா சுகர்தான்.' அந்த 'லேசா'வுக்குப் பின்னாடி பல வருஷம் இன்சுலின் இருக்கும். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, டூர் பிளானைக் கெடுக்கக் கூடாதுன்னு நெஞ்சு படபடப்பைக்கூட வாயுன்னு சொல்லி முழுங்கற தலைமுறை அது.

சில ஏஜென்ட்டுகளும் 'இல்லைன்னே போட்டுக்கலாங்க, பிரீமியம் கம்மியாகும்'னு சொல்லுவாங்க. போடாதீங்க. ஆஸ்பத்திரியில சேர்ந்ததும் டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே, 'எத்தனை வருஷமா சுகர்?'தான். அங்கே பெரியவங்க பொய் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. 'பத்து வருஷமா சர்க்கரை நோய்'னு கேஸ் ஷீட்லயும் டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் ஏறிடும். க்ளெய்ம் பண்ணும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி படிக்கிறது அதைத்தான். பாலிசி எடுத்தது ஒரு வருஷத்துக்கு முன்னாடி, சுகர் பத்து வருஷமா இருக்கு, ஃபார்ம்ல 'இல்லை'னு இருக்கு. க்ளெய்மை மறுக்க அவங்களுக்கு இதுபோதும்.

உண்மையைச் சொன்னா பிரீமியம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம். ஆனா காலம் முடிஞ்சதும் கவர் உறுதி. தொடர்ந்து 60 மாசம் ரெனியூ பண்ணின ஹெல்த் பாலிசியில, மோசடியை நிரூபிச்சாலொழிய, 'சொல்லலை'ங்கிற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாதுன்னு விதி இருக்கு. இது முன்னாடி 8 வருஷமா இருந்தது. அந்தப் பாதுகாப்பு கிடைக்கணும்னா ஒரு வருஷம்கூட விடாம ரெனியூ பண்ணணும்.

இதுக்கு ஒரு சிம்பிள் வழி இருக்கு. ஃபார்ம் நிரப்பும்போது கேள்வி கேட்காதீங்க, மாத்திரை டப்பாவை வாங்குங்க. ஒவ்வொரு அட்டையையும் எடுத்து எதுக்கான மாத்திரைன்னு அவங்க டாக்டர்கிட்டயோ தெரிஞ்ச மெடிக்கல் ஷாப்லயோ கேளுங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஒண்ணு அதுல இருந்தா, 'லேசா சுகர்' கதையில இன்னொரு அத்தியாயம் இருக்குன்னு புரிஞ்சுடும்.

அடுத்த வாரமே டூர்னா?

இப்போ ஒரு ஹெல்த் பாலிசி எடுத்து அடுத்த வாரம் டூருக்குப் போனா, 30 நாள் விதியால நோய்க்கு அது உதவாது. விபத்துக்கு மட்டும் உதவும். அப்போ என்ன பண்ணலாம்? இந்தப் பயணத்துக்கு, திடீர் நோயையும் சேர்த்து கவர் பண்ற உள்நாட்டுப் பயண பாலிசி ஒண்ணு, வயசு வரம்பு பார்த்து. அதோட அவசரத்துக்குன்னு கைவசம் கொஞ்சம் பணம். ஆனா ஹெல்த் பாலிசியையும் இப்பவே ஆரம்பிச்சுடுங்க. அடுத்த வருஷ டூருக்கு அது தயாரா இருக்கும்.

'65 வயசு தாண்டிட்டா எவனும் கொடுக்க மாட்டான்'னு யாராவது சொன்னா, அது பழைய கதை. 2024-ல வந்த விதிமுறைகள்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ அந்த வயசு வரம்பை எடுத்துடுச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு 18% ஜி.எஸ்.டி-யும் கிடையாது. மூத்த குடிமக்களோட பிரீமியத்தை வருஷத்துக்கு 10%-க்கு மேல ஏத்தணும்னா, கம்பெனி முதல்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ-கிட்ட கலந்து பேசணும்னு 2025 ஜனவரியில உத்தரவு வந்திருக்கு. தாத்தா, பாட்டிக்குப் பாலிசி எடுக்க இது முன்னைவிட நல்ல நேரம்தான்.

ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா...

மலைப்பாதைன்னா விபத்தையும் யோசிக்கணும். முதல்ல 108. 2008-ல இருந்து தமிழ்நாட்டுல ஓடுற இலவச ஆம்புலன்ஸ் சேவை. தமிழ்நாட்டுக்குள்ள சாலை விபத்து நடந்தா, முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே இலவசமா கொடுக்கிற 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி, பட்டியல்ல இருக்கிற மருத்துவமனையா இருந்தா போதும்.

சோலையார் பக்கம் சுத்திட்டு அப்படியே மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியா சாலக்குடி இறங்கலாம்னு பிளான் போடுவீங்க. மளுக்கப்பாறை வந்துட்டா கேரளா. அங்கே தமிழ்நாட்டுத் திட்டம் செல்லாது. ஆனா 2025 மே மாசம் மத்திய அரசு அறிவிச்ச திட்டம் இந்தியா முழுக்கச் செல்லும். சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு 7 நாள் வரைக்கும், ஒருத்தருக்கு ₹1.5 லட்சம் வரைக்கும் கேஷ்லெஸ் சிகிச்சை.

வண்டி விஷயத்துல ஒரு உஷார். ரேட் கம்மின்னு வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்காதீங்க. சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ணின வண்டியை வாடகைக்கு ஓட்டினா அது இன்ஷூரன்ஸ் நிபந்தனை மீறல். விபத்து ஆச்சுன்னா க்ளெய்ம்ல சிக்கல் நிச்சயம். வாடகைக்குன்னே பதிவு பண்ணின மஞ்சள் போர்டு டாக்ஸி எடுங்க. சொந்தக் கார்னா, கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனர்-டிரைவருக்கு மட்டும்தான். பின்சீட்டுல இருக்கிற அம்மிச்சிக்கும் வேணும்னா, பயணிகளுக்கான கூடுதல் கவரைத் தனியா சேர்க்கணும்.

மழைக்காலத்துல டூர் கேன்சலானா? 'பயணம் ரத்து' கவர் எல்லாக் காரணத்துக்கும் கிடைக்காது. பாலிசியில பட்டியல் போட்டிருக்கிற காரணங்களுக்கு மட்டும்தான். 'மழை பயங்கரமா இருக்கு, வேண்டாம்'னு நீங்களா மனசு மாறினா அது பட்டியல்ல வராது.

மலை இறங்கி, கடல் தாண்டும்போது

கொங்குப் பக்கம் இப்போ பல வீடுகள்ல அடுத்த டூர், மகளோட பிரசவத்துக்கு அமெரிக்காவுக்கோ, மகன் வீட்டுக்குக் கனடாவுக்கோதான். அங்கே நம்ம சாதாரண ஹெல்த் பாலிசி பெரும்பாலும் செல்லாது. தனியா வெளிநாட்டுப் பயண பாலிசி எடுத்தாகணும். கேட்க வேண்டிய கேள்விகள் வால்பாறைக்குக் கேட்ட அதேதான், தொகைதான் பெருசு.

சில நாடுகள் குறைந்தபட்ச கவரை அவங்களே சொல்லிடுவாங்க. ஐரோப்பாவோட ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் கவர் கட்டாயம். பெற்றோர், தாத்தா பாட்டிக்கான கனடா 'சூப்பர் விசா'வுக்குக் குறைந்தது ஒரு வருஷத்துக்கு 1,00,000 கனடா டாலர் கவர் காட்டணும். அமெரிக்க டூரிஸ்ட் விசாவுக்கு இப்படிக் கட்டாயம் இல்லை. ஆனா, அங்கே ஆஸ்பத்திரி பில் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்!

பெரிய எழுத்துல இருக்கிற தொகையைப் பார்த்து மயங்காதீங்க. 60 வயசுக்கு மேலன்னா பல பாலிசிகள்ல 'சப் லிமிட்' இருக்கும். ரூமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு தனித்தனி எல்லை. மொத்தம் 1,00,000 டாலர்னு போட்டிருந்தாலும், கைக்கு வர்றது அந்தச் சின்ன எல்லைகளுக்குள்ளதான். 'டிடக்டபிள்'னு ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு க்ளெய்ம்லயும் முதல்ல அவ்வளவு தொகையை நீங்க கட்டணும். பழைய நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான கட்டத்துல மட்டும், அதுவும் ஒரு அளவு வரைக்கும் கொடுக்கிற பாலிசிகளும் இருக்கு, சுத்தமா கொடுக்காத பாலிசிகளும் இருக்கு. இங்கேதான் நல்லா வடிகட்டணும். வழக்கமான செக்கப், ரீஃபில் மாத்திரை இதெல்லாம் வராது. ஆறு மாசம் தங்கறதா இருந்தா, பாலிசி எத்தனை நாள் வரைக்கும், அங்கிருந்தே நீட்டிக்க முடியுமான்னும் கேட்டுக்கோங்க. முக்கியமா, விமானம் ஏறறதுக்கு முன்னாடியே எடுத்துடணும்.

போன்ல இருக்க வேண்டியவை

* பாலிசி பி.டி.எஃப், ஹெல்த் கார்டு, ஆதார். கிளவுட்ல மட்டும் வெச்சா சிக்னல் இல்லாத வளைவுல திறக்காது. போன்லயே டவுன்லோடு பண்ணுங்க, பிரின்ட் ஒண்ணு பர்ஸ்ல இருக்கட்டும்.
* இன்ஷூரன்ஸ் கம்பெனியோட 24 மணி நேர நம்பர். உங்க போன்ல மட்டுமில்லை, தாத்தா போன்லயும், டூருக்கு வராத ஒரு சொந்தக்காரர் போன்லயும்.
* கடைசி பிரிஸ்கிரிப்ஷன், ஈ.சி.ஜி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோட போட்டோ.
* மாத்திரை பை. டூர் நாளைவிட ரெண்டு நாளைக்குக் கூடுதலா எடுங்க. வண்டி டிக்கியில வேண்டாம், கைப்பையில இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். கொண்டை ஊசி வளைவுல வாந்தி வரும்னு காலைச் சாப்பாட்டையே விட்டுட்டு, சுகர் மாத்திரையை மட்டும் போட்டுட்டு ஏறுவாங்க. ஆபத்து! மாத்திரையையும் சாப்பாட்டு நேரத்தையும் எப்படி வெச்சுக்கறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

அவசரமா அட்மிட் பண்ணினா, பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தகவல் சொல்லணும். கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துக்குள்ளயும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூணு மணி நேரத்துக்குள்ளயும் கம்பெனி சொல்லணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல உத்தரவு போட்டிருக்கு. லேட் பண்ணினா இந்த விதியைச் சொல்லிக் கேளுங்க.

க்ளெய்மை மறுத்துட்டா?

மறுப்புக் கடிதத்தை எழுத்துல வாங்குங்க. எந்த விதியைக் காட்டி மறுத்தாங்கன்னு அதுல இருக்கணும். முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யோட 'பீமா பரோசா' இணையதளத்துலயும் புகார் பதியலாம். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ, சென்னையில இருக்கிற இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். ₹50 லட்சம் வரைக்குமான புகார்களை விசாரிப்பாங்க. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனா கம்பெனியோட இறுதிப் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். தாத்தா சோர்ந்துபோய் 'விட்டுத் தொலை'ன்னுதான் சொல்லுவார். லெட்டர் அடிக்கிறதும் அப்லோடு பண்றதும் உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் கால்

இவ்வளவு படிக்க நேரமில்லைன்னா இதை மட்டுமாவது பண்ணுங்க. தாத்தா, பாட்டியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு ஸ்பீக்கர்ல போன் போடுங்க. மூணே கேள்வி. 'இவங்களுக்கு இருக்கிற சுகர், பி.பி-யால இன்னைக்கு அட்மிட் ஆனா கவர் இருக்கா? ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு? கோவையில எந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ்?' பதிலை ஈ-மெயில்லயும் அனுப்பச் சொல்லுங்க.

பக்கத்துல அவங்க இருக்கணும்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கஸ்டமர் கேர்ல 'வேற ஏதாவது பிரச்னை இருக்குங்களா?'ன்னு கேட்கும்போது, அப்புச்சி மெதுவா அம்மிச்சி முகத்தைப் பார்ப்பார். 'போன வருஷம் ஒரு தடவை நெஞ்சு இறுக்கமா இருந்துச்சு... உங்ககிட்ட சொல்லலை'ன்னு அப்போதான் வெளியே வரும். அப்படி ஏதாவது வந்தா, டூருக்கு முன்னாடி ஒரு ஈ.சி.ஜி எடுத்துடுங்க. வால்பாறை எங்கேயும் போயிடாது. டாக்டர் சரின்னு சொன்னதும் எல்லாருமா போய்ட்டு வாங்க!